கோத்தகிரியில் ஓர் ஆங்கிலப் பிழை கண்டறிதல் வகுப்பு: போட்டித் தேர்வு எழுதுவோருக்கான மதிப்புரை

கோத்தகிரி பேருந்து நிலையத்திலிருந்து சற்று மேலேறிச் சென்றால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் சிறிய பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. போட்டித் தேர்வுகளின் ஆங்கிலத் தாளில் இடம்பெறும் ‘பிழை கண்டறிதல்’ பகுதிக்கென்றே (சில துண்டுகளாகப் பிரித்துத் தந்த வாக்கியத்தில் பிழையுள்ள துண்டு எது என்று சொல்லும் கேள்விகள் இவை) அங்கு மூன்று மாத வார இறுதி வகுப்பு நடத்துகிறார்கள். மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வுக்காக என் அக்காள் மகள் அங்கே சேர்ந்து படித்தாள். நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பவன் என்பதால், ஆசிரியையின் அனுமதியோடு பல வகுப்புகளில் கடைசி வரிசையில் அமர்ந்து கவனித்தேன். மலையிலிருந்து கோவைக்கு இறங்கிப் பணம் கட்டிப் படிக்க வேண்டுமா, இங்கேயே படிக்கலாமா என்று தயங்கும் பெற்றோர்களும் மாணவர்களும் பலர் என்பதால் கண்டதை விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு வகுப்பு தேவையா என்று கேட்பவர்களுக்கு மதிப்பெண் கணக்கே பதில் சொல்லும். பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் 60 நிமிடங்களில் 100 கேள்விகள். அவற்றில் 25 கேள்விகள், அதாவது 200 மதிப்பெண்ணில் 50, ஆங்கிலத்துக்கு உரியவை. இரண்டாம் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 45 கேள்விகள், 135 மதிப்பெண்கள். பொதுத்துறை வங்கிகளுக்காக ஐ.பி.பி.எஸ். நடத்தும் அதிகாரிகள் தேர்வின் முதல்நிலையில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகளும் 20 நிமிடங்களும் தருகிறார்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வைத் தமிழிலேயே எழுதித் தேறலாம். மேற்சொன்ன மத்திய அரசுத் தேர்வையோ வங்கித் தேர்வையோ எழுதுகிறவர் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போக வழியே இல்லை. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையையும் வெலிங்டன் ராணுவ அலுவலகங்களையும் பார்த்து வளர்ந்த நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு வேலை என்பது எட்டாத ஒன்றாகத் தோன்றுவதில்லை. கணக்கிலும் பொது அறிவிலும் நன்றாகச் செய்துவிட்டு ஆங்கிலத்தில் சறுக்குகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

பெரும்பாலான பயிற்சி மையங்களில் முதல் நாளே விதிகள் அச்சிட்ட தடித்த புத்தகத்தைக் கையில் கொடுத்து, மனப்பாடம் செய்து வரச் சொல்வார்கள். இந்த ஆசிரியை அப்படிச் செய்வதில்லை. கரும்பலகையில் ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு, இதில் வினை எது, அந்த வினைக்குரிய எழுவாய் எது என்ற இரண்டை மட்டும் கேட்கிறார். நான் பார்த்த முதல் வகுப்பில் அவர் எழுதிய வாக்கியம் இது: ‘தி குவாலிட்டி ஆஃப் தி லீவ்ஸ் ப்ராட் டு தி ஃபேக்டரி வெர் புவர்.’ தேயிலைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுக்கும் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் என்பதால் பொருள் உடனே புரிந்தது, பிழைதான் தெரியவில்லை. “காதுக்குச் சரியாத்தான் இருக்கு மேடம்” என்றான் ஒரு மாணவன். “காதைக் கொஞ்ச நேரம் ஓரமா வைப்பா. எது புவர், இலையா, தரமா?” என்று அவர் கேட்டதும் வகுப்பு முழுவதும் விழித்துக்கொண்டது. ‘ஆஃப்’ என்பதிலிருந்து ‘ஃபேக்டரி’ வரை பென்சிலால் அடைப்புக்குறி போடச் சொன்னார். மிச்சமிருந்தவை ‘குவாலிட்டி’யும் ‘வெர்’ரும்தான். ஒருமை எழுவாய்க்குப் பக்கத்தில் பன்மை வினை வெட்டவெளிச்சமாக நின்றது. ‘வாஸ்’ என்று திருத்தினார்கள்.

இதற்கு மேல் அவர் சொன்ன காரணம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. நாம் பேசும்போது ‘மரம் விழுந்துச்சு’ என்கிறோம். பத்து மரம் விழுந்தாலும் ‘மரங்க விழுந்துச்சு’ என்றே சொல்கிறோம். ‘மரங்கள் விழுந்தன’ என்பது எழுத்துத் தமிழில் மட்டும் இருக்கிறது; அதிலும் ‘மரங்கள் விழுந்தது’ என்று எழுதுகிறவர்களே அதிகம். அஃறிணையில் ஒருமை பன்மைக்கு ஏற்ப வினையை மாற்றும் பழக்கம் பேச்சில் இல்லாதவர்களுக்கு, ஆங்கிலத்தில் அது தவறும்போது காது எச்சரிக்காது. ஆகவே இந்த வகைப் பிழையைக் காதால் பிடிக்க முடியாது, கண்ணால்தான் பிடிக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். ஆங்கிலம் தெரியவில்லை என்று தன்னை நொந்துகொண்டிருந்த ஒரு பிள்ளைக்கு, தன் பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடுவது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் நேரில் பார்த்தேன். வகுப்பில் வீட்டில் படுகு பேசும் மாணவர்களும் இருந்தார்கள். அதுவும் வினையை வாக்கியத்தின் கடைசியில் வைக்கும் திராவிட மொழியே என்பதால், ஆங்கில வாக்கியத்தின் நடுவில் வினையைத் தேடும் பயிற்சி அவர்களுக்கும் அதே அளவு தேவைப்பட்டது.

எழுவாயைத் தேடும் இந்தப் பழக்கம் கைவந்த பிறகுதான் அவர் சற்றுக் கடினமானவற்றுக்குப் போகிறார். ‘ஒன் ஆஃப்’ என்று தொடங்கினால் அடுத்து வரும் பெயர் பன்மை, வினை ஒருமை என்பது எல்லோரும் சொல்லிக்கொடுப்பது. ‘ஹி இஸ் ஒன் ஆஃப் தோஸ் டீச்சர்ஸ் ஹூ ஹேவ் ஹெல்ப்ட் மீ’ என்பதில் ‘ஹேவ்’ ஏன் பன்மையாக நிற்கிறது என்பதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு. ‘ஹூ’ யாரைச் சுட்டுகிறது என்று கேட்டால் ‘டீச்சர்ஸ்’ என்று விடை வரும், எனவே பன்மை. முன்னால் ‘தி ஒன்லி ஒன் ஆஃப்’ என்று வந்துவிட்டால் சுட்டப்படுபவர் ஒருவரே, எனவே ‘ஹேஸ்’. ‘அஸ் வெல் அஸ்’, ‘டுகெதர் வித்’ வந்தால் முதற்பெயருக்கு ஏற்ப வினை, ‘நைதர்–நார்’ வந்தால் வினைக்கு அருகிலுள்ள பெயருக்கு ஏற்ப வினை, ‘தி நம்பர் ஆஃப்’ ஒருமை, ‘எ நம்பர் ஆஃப்’ பன்மை என்பவற்றை அவர் விதிப்பட்டியலாகத் தராமல், ஒவ்வொரு முறையும் எழுவாய் எது என்ற அதே கேள்வியின் விடைகளாகவே வரவழைக்கிறார்.

தமிழ்ப் பழக்கத்திலிருந்து பிறக்கும் பிழைகளுக்கு இரண்டு வார இறுதிகளை முழுதாக ஒதுக்கியிருக்கிறார்கள். இந்த வகுப்பின் உயிர்நாடி என்று நான் கருதுவது இதைத்தான். ‘2015 முதல் கோத்தகிரியில் வசிக்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலத்தில் சொன்னால் போதும். அதை அப்படியே ‘ஐ ஆம் லிவிங் இன் கோத்தகிரி சின்ஸ் 2015’ என்று கொண்டுபோனால் தேர்வில் பிழை. ‘ஐ ஹேவ் பீன் லிவிங்’ என்று வர வேண்டும். ‘என்னைவிட மூத்தவர்’ என்ற பழக்கத்தில் ‘சீனியர் தேன் மீ’ வந்துவிடுகிறது. அங்கே ‘டு’தான் வரும். ‘திட்டத்தைப் பற்றி விவாதித்தோம்’ என்பதிலுள்ள ‘பற்றி’யை விட மனமில்லாமல் ‘டிஸ்கஸ்ட் அபவுட் தி பிளான்’ என்கிறோம். ‘ஊட்டிக்கு வந்து சேர்ந்தோம்’ என்பதிலுள்ள ‘கு’ உருபு ‘ரீச்ட் டு ஊட்டி’ என்று ஒட்டிக்கொள்கிறது. இரண்டிலும் ஆங்கிலத்துக்கு முன்னிடைச்சொல் தேவையில்லை. கேள்வியின் முடிவில் ‘இல்லையா?’ என்று எதற்கும் பொதுவாகப் போட்டுவிடும் நாம் ‘இஸின்ட் இட்?’ என்பதையும் அப்படியே போடுகிறோம். ஆங்கிலமோ முன்னால் வந்த துணைவினையைப் பார்த்து ‘டிடின்ட் ஹி’, ‘காண்ட் தே’ என்று மாற்றச் சொல்கிறது.

இவற்றுள் மிகச் சிறந்த பாடம் ‘என்று’ பற்றியது. ‘உன் பெயர் என்ன என்று கேட்டார்’ எனும்போது, கேட்டவர் வாயிலிருந்து வந்த கேள்வியை உருமாற்றாமல் அப்படியே உள்ளே வைத்து, ‘என்று’ என்ற ஒரு சொல்லால் மூடிவிட முடிகிறது. அதே பழக்கத்தில் ‘ஹி ஆஸ்க்ட் மீ வாட் இஸ் மை நேம்’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் நுழைந்தால் அது கேள்வி வடிவத்தை இழந்து சாதாரண வரிசைக்கு வந்துவிட வேண்டும். காலமும் பின்னுக்குப் போகும்: ‘வாட் மை நேம் வாஸ்.’ ஆசிரியை இதை விளக்க மாணவர்களை இருவர் இருவராக எழுப்பி, ஒருவர் கேட்டதை மற்றவர் மூன்றாமவரிடம் ஆங்கிலத்தில் சொல்லும்படி செய்தார். பள்ளியில் நேர்கூற்று அயற்கூற்றுப் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வரும் எனக்கே, இந்தச் சிறு பயிற்சி என் வகுப்புக்கும் எடுத்துச் செல்லத் தக்கதாகத் தோன்றியது.

‘எ’, ‘ஆன்’ ஆகிய இரண்டுள் எதைப் போடுவது என்பதற்கு அவர் சொல்லித்தரும் வழியும் அருமை. அடுத்து வரும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்கச் சொல்கிறார். முதலெழுத்து உயிரெழுத்தாக இருந்தால் ‘ஆன்’, உயிர்மெய்யாக இருந்தால் ‘எ’. எஸ்டேட், எம்.எல்.ஏ., எக்ஸ்ரே, ஆர்.டி.ஓ., ஆனஸ்ட் ஆகியவை உயிரில் தொடங்குவதால் எல்லாவற்றுக்கும் ‘ஆன்’. யூனிவர்சிட்டி, யூனிஃபார்ம், யூரோப்பியன் ஆகியவை ‘யூ’வில் தொடங்குவதால் எல்லாவற்றுக்கும் ‘எ’. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து ‘ஆன் யூனிவர்சிட்டி’ என்று போடுகிற கை, தமிழில் எழுதியவுடன் தானாகவே நின்றுவிடுகிறது. இதற்கு ஒரு விலக்கும் உண்டு என்று அவரே எச்சரிக்கிறார்: ‘ஒன்’ என்று நாம் எழுதிப் பழகிய எண், ஒலியில் ‘வன்’ என்பதால், ஒரு ரூபாய் நாணயத்தைக் குறிக்க ‘எ ஒன் ருபீ காயின்’ என்றே வரும். எழுதும் வழக்கத்தை விட்டு ஒலிக்கிற விதத்தை எழுத வேண்டும் என்பதை வலியுறுத்திவிட்டுத்தான் அடுத்த பயிற்சிக்குப் போனார்.

‘தி’ எங்கே வரும் என்பதற்கு நம் மாவட்டத்தின் வரைபடத்தையே சுவரில் மாட்டியிருக்கிறார். மலைத்தொடர் என்பதால் ‘தி நீல்கிரிஸ்’. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா தனிச் சிகரம் என்பதால் அதற்கு ‘தி’ இல்லை. ஆறுகள் என்பதால் ‘தி பவானி’, ‘தி மோயார்’. நன்றாக இருந்தது. ஆனால் இடப்பெயர்களைத் தாண்டி, முன்பே சொன்ன ஒன்றை மறுபடி குறிக்கும்போது ‘தி’ வருவது, பொதுப்படப் பேசும்போது வராமலிருப்பது ஆகியவற்றை ஒரே மணி நேரத்தில் முடித்துவிட்டார். நம் மொழியில் இப்படி ஒரு சொல்லே இல்லாததால் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் அதுவே. இன்னும் இரு வகுப்புகளாவது தர வேண்டும்.

மற்றத் தலைப்புகள் வழக்கமான முறையில் நடக்கின்றன. ‘இன்ஃபர்மேஷன்’, ‘ஃபர்னிச்சர்’, ‘அட்வைஸ்’ போன்றவற்றுக்குப் பன்மை ஒட்டு வராது என்பது, ‘ஆல்தோ’ வந்தால் ‘பட்’ வரக்கூடாது என்பது, ‘நோ சூனர்’ வந்தால் ‘தேன்’, ‘ஹார்ட்லி’ வந்தால் ‘வென்’ என்பது, ‘ரிட்டர்ன் பேக்’ போன்ற கூறியது கூறல் எல்லாம் குறிப்பேட்டில் இருக்கின்றன. குறிப்பேடு தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தலைப்பின் முடிவிலும் முந்தைய ஆண்டுத் தேர்வு வாக்கியங்கள் உள்ளன.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, ஆங்கிலத்திலேயே இரு வழக்குகள் உள்ள இடங்களில் குறிப்பேடு ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறது. ‘நன் ஆஃப் தி ஸ்டூடண்ட்ஸ்’ என்பதற்குப் பின் ஒருமைதான் வர வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள்; பன்மையும் ஏற்புடையதே என்று இன்றைய இலக்கண நூல்கள் கூறுகின்றன. ‘கமிட்டி’ எப்போதும் ஒருமை என்றும் இருக்கிறது. உறுப்பினர்களுக்குள் கருத்து வேறுபடும் இடத்தில் ‘தி கமிட்டி வெர் டிவைடட்’ என்பதும் சரியே. தேர்வில் இத்தகைய சொல் வந்தால் மாணவர் அதிலேயே பாய்ந்துவிடாமல், வாக்கியத்தின் மற்றத் துண்டுகளில் மறுக்க முடியாத பிழை ஏதும் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். இதைக் குறிப்பேட்டில் ஒரு வரியாகவாவது சேர்க்கும்படி நான் ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டேன். அடுத்த அச்சில் சேர்ப்பதாகச் சொன்னார்.

இரண்டாவது குறை பெரியது. வகுப்பில் தரும் பயிற்சி வாக்கியங்கள் ஏறக்குறைய அனைத்திலும் ஒரு பிழை இருக்கிறது. உண்மையான தேர்விலோ ‘பிழை இல்லை’ என்பதும் ஒரு விடை. எப்போதும் பிழையோடு கூடிய வாக்கியங்களையே பார்த்துப் பழகிய மாணவர், சரியான வாக்கியத்தைக் கண்டால் இல்லாத பிழையைத் தேடி நேரத்தையும் மதிப்பெண்ணையும் இழக்கிறார். அந்த இழப்பு சிறியதன்று: முதல் கட்டத்தில் சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறான விடைக்கு 0.50 கழிவு, இரண்டாம் கட்டத்தில் சரிக்கு 3, தவறுக்கு 1 கழிவு. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், முதல் கட்டத்தில் சராசரியாக ஒரு கேள்விக்கு 0.125 மதிப்பெண் மிஞ்சும்; இரண்டாம் கட்டத்தில் எதுவுமே மிஞ்சாது. வாக்கியத்தின் ஒரு துண்டையாவது பிழையற்றது என்று உறுதியாக நீக்கத் தெரிந்தவருக்குத்தான் ஊகம் குறிப்பிடத்தக்க பயன் தரும். ஆகவே சரியான வாக்கியத்தைச் சரி என்று சொல்லும் துணிவையும் பயிற்சியால் வளர்க்க வேண்டும். ஐந்துக்கு ஒன்றாவது பிழையற்ற வாக்கியமாக வைத்துத் தேர்வு நடத்தினால் இந்த வகுப்பு இன்னும் பல மடங்கு பயன் தரும்.

மூன்றாவது, தேர்வுகள் கணினித் திரையில் நடக்கும்போது இங்கே பயிற்சி முழுவதும் தாளில் நடக்கிறது. பென்சிலால் அடைப்புக்குறி போட்டுப் பழகியவர் திரையில் அதை மனத்துக்குள்ளேயே செய்ய வேண்டும். மையத்திலுள்ள இரண்டு கணினிகள் ஒரு குழுவுக்குப் போதா. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போய்விட்டால் அவையும் இல்லை. என் அக்காள் மகளுக்கு வீட்டில் கைப்பேசியிலேயே மாதிரித் தேர்வுகளை நேரம் வைத்து எழுதச் சொன்னேன். கடைசி இரு வாரங்கள் அடைப்புக்குறியைக் கண்ணால் மட்டும் போட்டுப் பழகியது அவளுக்கு மிகவும் உதவியது.

நடைமுறைச் செய்திகள் சில. ஒரு குழுவில் இருபது பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. இதை அவர்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு 3,000 ரூபாய். இரண்டு தவணைகளில் கட்டலாம். தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு என்று அலுவலகத்தில் தெரிவித்தார்கள். வகுப்பு காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்குள் முடிந்துவிடுகிறது. கீழ்க்கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பேருந்தைப் பிடித்து இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டும். கரடியும் காட்டெருமையும் நடமாடும் வழிகளில் பெண் பிள்ளைகள் தனியே நடந்து போக வேண்டியிருக்கிறது. இதை எண்ணிப் பார்த்து நேரத்தை அமைத்திருப்பதற்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும். கோவையில் படித்தால் கட்டணத்தோடு விடுதிச் செலவும் சேரும். ஆங்கில அடிப்படை ஓரளவு இருந்து, தேர்வுக்கு மூன்று நான்கு மாதங்கள் உள்ளவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. வாக்கியமே அமைக்கத் தடுமாறுகிறவர்கள் இதற்கு முன் அடிப்படை இலக்கணத்தைத் தனியே படித்துவிட்டு வருவது நல்லது. இங்கே பாடம் வேகமாகப் போகும். பணம் கட்ட இயலாதவர்கள், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் கட்டணமில்லா வகுப்புகள் எப்போது தொடங்குகின்றன என்று முதலில் விசாரித்துப் பார்க்கட்டும்.

சேர எண்ணுகிறவர்களுக்கு ஒரு வகுப்பைக் கட்டணமின்றிப் பார்க்க அனுமதிக்கிறார்கள். முடிந்தால் தமிழ்ப் பழக்கத்திலிருந்து வரும் பிழைகளை எடுக்கும் வாரத்தில் போய் அமர்ந்து பாருங்கள்; எப்போது என்று அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். போகும்போது நீங்கள் எழுதப்போகும் தேர்வின் பழைய வினாத்தாள் ஒன்றைக் கையோடு கொண்டு போனால், வகுப்பு முடிந்ததும் ஆசிரியை அதிலிருந்து சில வாக்கியங்களை உங்களோடு சேர்ந்து பார்த்து, எந்த வகைப் பிழையில் நீங்கள் தடுமாறுகிறீர்கள் என்று அங்கேயே சொல்லிவிடுவார்.